2011: லவாலின் ஏழாவது கோப்பைக் கனவும் மக்மாஸ்டரின் மறுமொழியும்

கனடியப் பல்கலைக்கழகக் காற்பந்தின் வரலாற்றில் 2011ஆம் ஆண்டுப் பருவம் இரண்டு காரணங்களால் தனித்து நிற்கிறது. நவம்பர் 25 அன்று வான்கூவரில் நடந்த அதன் இறுதிப் போட்டி, வானியே கோப்பைக்காக அதுவரை ஆடப்பட்டவற்றுள் தலைசிறந்தது என்று பலராலும் போற்றப்படுவது முதற்காரணம். ஒரு பல்கலைக்கழகம் உருவாக்கிய புதிய அளவுகோலை எட்டிப்பிடிப்பதற்காக ஏனைய பல்கலைக்கழகங்கள் தம்மை மாற்றியமைத்துக்கொண்ட பதினைந்து ஆண்டுகால முயற்சி அந்த ஆட்டத்தில் முதன்முதலாகத் தெளிவாக வெளிப்பட்டது என்பது இரண்டாவது காரணம். வரலாற்று நோக்கில் இதுவே முதன்மையானதும் ஆகும். ஆகவே இப்பகுதி, அப்பருவத்தின் வெற்றி தோல்விகளோடு, அவற்றுக்குப் பின்னால் இயங்கிய நிறுவனங்களையும் சேர்த்தே ஆராய்கிறது.

ஆட்டத்தின் அமைப்பு

இங்கே காற்பந்து என்பது ரக்பியிலிருந்து கிளைத்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் உதைத்தும் ஆடப்படும் கனடிய வகையைக் குறிக்கும். அமெரிக்க வகைக்கு இது நெருங்கிய உறவு எனினும், விதிகளில் உள்ள சில வேறுபாடுகள் ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடுகின்றன. அமெரிக்கக் களம் 100 கஜ நீளம் கொண்டது. கனடியக் களம் 110 கஜ நீளமும் 65 கஜ அகலமும் கொண்டது. அதன் இரு முனைகளிலும் 20 கஜ ஆழமுள்ள இலக்குப் பகுதிகள் உள்ளன. ஓர் அணியில் 11 பேருக்குப் பதிலாக 12 பேர் ஆடுகின்றனர். பந்தை வைத்திருக்கும் அணி 10 கஜம் முன்னேறுவதற்குப் பெறும் வாய்ப்புக்கு ‘டவுன்’ என்று பெயர். அமெரிக்காவில் நான்கு டவுன்கள் உண்டு, கனடாவில் மூன்றே. இரண்டு முயற்சிகளில் 10 கஜத்தைக் கடக்க இயலாத அணி, மூன்றாவது முயற்சியில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியிடம் ஒப்படைத்துவிடுவதால், கனடிய ஆட்டத்தில் நீண்ட எறிதல்களுக்கும் உதைப்புக்கும் கூடுதல் மதிப்பு ஏற்பட்டது.

புள்ளிக் கணக்கும் இங்கே விளக்கத்தக்கது. பந்தை எதிரணியின் இலக்குப் பகுதிக்குள் கொண்டுசேர்ப்பது ‘டச்டவுன்’. அதற்கு 6 புள்ளிகள். அதையடுத்துக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் 1 புள்ளி. ஆட்டத்தின் நடுவே பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்துச் செலுத்துவது ‘ஃபீல்டு கோல்’. அதற்கு 3 புள்ளிகள். இவற்றோடு கனடாவுக்கே உரிய ‘ரூஜ்’ என்னும் ஒற்றைப் புள்ளியும் உண்டு. இலக்குப் பகுதிக்குள் உதைக்கப்பட்ட பந்தை எதிரணி அங்கிருந்து வெளியே கொண்டுவரத் தவறினால், உதைத்த அணிக்கு அந்தப் புள்ளி சேரும். குறி தவறிய உதைக்கும் இதனால் ஒரு புள்ளி கிடைக்கக்கூடும் என்பதால், சமநிலையில் நிற்கும் ஆட்டத்தின் கடைசி நொடிகள் கனடாவில் தனிப்பட்ட பரபரப்பைப் பெறுகின்றன. 2011 இறுதிப் போட்டியும் அத்தகைய ஒரு நொடியை எட்டியது.

நான்கு மண்டலங்களும் ஒரு கோப்பையும்

2011இல் 26 பல்கலைக்கழக அணிகள் நான்கு மண்டலங்களாகப் பிரிந்து ஆடின: அட்லாண்டிக் மாகாணங்களில் 4, கியூபெக்கில் 6, ஒன்டாரியோவில் 10, மேற்கு மாகாணங்களில் 6. இவற்றையெல்லாம் நிர்வகித்தது கனடியப் பல்கலைக்கழகங்களிடை விளையாட்டு அமைப்பு. இதுவே 2016இல் யூ ஸ்போர்ட்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஒவ்வொரு மண்டலமும் தனக்கென ஒரு கோப்பையைப் போற்றி வந்தது. ஒன்டாரியோவின் யேட்ஸ் கோப்பை 1898 முதல் வழங்கப்பட்டு வருவதால், வட அமெரிக்கக் காற்பந்தின் மிகப் பழைய கோப்பை என்ற சிறப்பு அதற்குண்டு. மேற்கில் ஹார்டி கோப்பையும், கியூபெக்கில் டன்ஸ்மோர் கோப்பையும், அட்லாண்டிக் பகுதியில் லோனி கிண்ணமும் அதே இடத்தை வகித்தன. மண்டல வெற்றியாளர்கள் நால்வரும் யுடெக் கிண்ணம், மிட்செல் கிண்ணம் ஆகிய இரு அரையிறுதிகளில் மோதி, வென்ற இருவரும் இறுதிக்குச் செல்வது வழக்கம்.

கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை பரந்த நாட்டில், மண்டலங்களின் மரபுகள் தேசியப் போட்டியைவிட மிகப் பழையவை. தலைமை ஆளுநர் ஜார்ஜ் வானியேயின் பெயர் தாங்கிய கோப்பை 1965இல்தான் தோன்றியது. தொடக்கத்தில் அழைப்பின் பேரில் இரு அணிகள் ஆடிய அந்தப் போட்டி, 1967இல் முறையான தேசிய இறுதியாக உயர்ந்தது. அவ்வாண்டு அல்பர்ட்டா பல்கலைக்கழகம் 10–9 என்ற கணக்கில் வீழ்த்திய அணி ஹாமில்டனின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம். ஒரே ஒரு புள்ளியில் கோப்பையைத் தவறவிட்ட மக்மாஸ்டர், மீண்டும் இறுதியைக் காண 44 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நெருக்கடியின் நிழலில்

2011ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கியபோது பல்கலைக்கழகக் காற்பந்து இரு பெரும் அதிர்ச்சிகளிலிருந்து இன்னும் மீண்டிருக்கவில்லை. முதலாவது ஊக்கமருந்து தொடர்பானது. ஒன்டாரியோவின் வாட்டர்லூ பல்கலைக்கழக அணி முழுவதையும் 2010இல் சோதித்தபோது 9 விதிமீறல்கள் வெளிப்பட்டன. அப்பல்கலைக்கழகம் அந்த ஆண்டுப் பருவம் முழுவதற்கும் தன் அணியை விலக்கிக்கொண்டது. தவறிழைக்காத வீரர்களும் ஓராண்டை இழந்த இந்நிகழ்வு நாடெங்கும் சோதனை முறைகள் கடுமையாவதற்கு வழிகோலியது. வாட்டர்லூ மீண்டும் களமிறங்கியது 2011இல்தான்.

இரண்டாவது அதிர்ச்சி மேற்கிலிருந்து வந்தது. வான்கூவரை அடுத்த பர்னபியில் அமைந்த சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம், 2010இல் தன் காற்பந்து அணியைக் கனடிய அமைப்பிலிருந்து விலக்கி அமெரிக்கக் கல்லூரிகளோடு ஆட அனுப்பியது. அமெரிக்காவின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஏற்றுக்கொண்ட முதல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அதுவே. இந்த முடிவுக்குப் பின்னிருந்த காரணங்களுள் உதவித்தொகை முக்கியமானது. கனடிய விதியின்படி ஒரு வீரருக்கு வழங்கும் விளையாட்டு உதவித்தொகை, கல்விக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணங்களையும் தாண்டக் கூடாது. உணவும் உறைவிடமும் அதில் அடங்கா. ஒன்டாரியோ பல்கலைக்கழகங்கள் இதனினும் தாழ்ந்த ஓர் உச்சவரம்பையும் மதிப்பெண் தகுதியையும் தமக்குத் தாமே விதித்துக்கொண்டிருந்தன. படிப்பே முதன்மை என்ற கொள்கையிலிருந்து பிறந்த இந்த விதிகள் மதிக்கத்தக்கவை. எனினும் திறமைமிக்க இளைஞர்கள் எல்லை கடந்து செல்வதை அவற்றால் தடுக்க முடியவில்லை. உதவித்தொகையை உயர்த்துவதா, வேறு வழி தேடுவதா என்ற விவாதம் மேற்கிலும் ஒன்டாரியோவிலும் நீண்டுகொண்டிருந்தபோது, கியூபெக் நகரம் ஏற்கெனவே வேறொரு வழியைக் கண்டிருந்தது.

லவால் முறை

1990களின் நடுப்பகுதியில் கியூபெக்கின் பல்கலைக்கழகக் காற்பந்து பெரும்பாலும் மக்கில், கன்கோர்டியா, பிஷப்ஸ் ஆகிய ஆங்கிலவழிப் பல்கலைக்கழகங்களின் ஆட்டமாகவே இருந்தது. பிரெஞ்சு பேசும் கியூபெக் நகரில் ஐஸ் ஹாக்கியே உயிராக இருந்த நிலையில், 1995 கோடையில் அந்நகரின் தொழில்முறை ஹாக்கி அணியான நோர்டிக்ஸ் அமெரிக்காவின் கொலராடோவுக்கு இடம்பெயர்ந்தது. நகரம் தனதென்று கொண்டாடிய அணி இல்லாமற்போன அதே காலத்தில், லவால் பல்கலைக்கழகத்தில் ‘ரூஜ் எ ஓர்’ என்னும் காற்பந்து அணி உருவாயிற்று. மரச்சாமான் வணிகத்தில் பெயர்பெற்ற ழாக் தாங்கே முதலிய உள்ளூர் வணிகர்கள் அதற்குத் தோள்கொடுத்தனர்.

அணியின் நிதியமைப்பே அதன் முதற்புதுமை. பல்கலைக்கழக வரவு செலவுத் திட்டத்தின் ஒரு சிறு வரியாக அதை விட்டுவிடாமல், இலாப நோக்கற்ற தனியமைப்பு ஒன்றின் பொறுப்பில் வைத்து, நுழைவுச் சீட்டு வருமானம், உள்ளூர் நிறுவனங்களின் ஆதரவு, நன்கொடை ஆகியவற்றால் அதை நடத்தினர். அதனால் முழுநேரப் பயிற்சியாளர்கள் பலரை அமர்த்தவும், ஆண்டு முழுவதும் உடற்பயிற்சி அளிக்கவும் முடிந்தது. வீரர்கள் வந்துசேர்ந்த வழியோ கியூபெக்கின் கல்வி முறையோடு பிணைந்தது. அங்கே பதினொன்றாம் வகுப்போடு பள்ளி முடிகிறது. அதன்பின் பல்கலைக்கழகம் செல்லும் மாணவர்கள் ‘செஜெப்’ எனப்படும் இடைநிலைக் கல்லூரியில் பயில்கின்றனர். அக்கல்லூரிகளில் வலுவான காற்பந்துப் போட்டிகள் நடப்பதால், லவாலுக்கு வரும் புதுமுக வீரர், ஒன்டாரியோவில் பள்ளியிலிருந்து நேராக வருபவரைவிட வயதிலும் உடல் வலிமையிலும் முதிர்ந்தவராக இருந்தார்.

1996இல் முதன்முறையாகக் களம் கண்ட லவால், தன் நான்காவது பருவமான 1999இல் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தை 14–10 என்று வென்று வானியே கோப்பையைக் கைப்பற்றியது. கிளென் கான்ஸ்டன்டின் 2001இல் தலைமைப் பயிற்சியாளரான பின்பு 2003, 2004, 2006, 2008, 2010 ஆகிய ஆண்டுகளிலும் கோப்பை அங்கேயே சென்றது. 2003 தொடங்கி 2010 வரை டன்ஸ்மோர் கோப்பை வேறெவர் கைக்கும் போகவில்லை. ஆயிரக்கணக்கில் மக்கள் திரளும் லவால் மைதானம், நாட்டின் பிற வளாகங்களில் சில நூறு பேர் மட்டுமே அமர்ந்திருந்த காட்சிக்கு நேர்மாறாக விளங்கியது.

இந்த ஆதிக்கம் பிற பல்கலைக்கழகங்களில் மனக்குறையை உண்டாக்கியது இயல்பே; செல்வம் படைத்த ஓர் அணி சமனற்ற போட்டியை உருவாக்குகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் லவாலின் எழுச்சி கியூபெக் மாகாணத்துக்குள்ளேயே விளைவித்த பயனையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். மாண்ட்ரியல் பல்கலைக்கழகம் 2002இலும் ஷெர்புரூக் பல்கலைக்கழகம் 2003இலும் தம் அணிகளைக் களமிறக்கின. 2011இல் கியூபெக் மண்டலத்தின் ஆறு அணிகளுள் சரிபாதி பிரெஞ்சுவழிப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை. ஒரு தலைமுறைக்குள் அந்த ஆட்டம் ஒரு மொழிச் சமூகம் முழுவதற்கும் உரியதாகியிருந்தது.

ஹாமில்டனின் தயாரிப்பு

லவாலுக்கான மறுமொழி உருவான இடங்களுள் முக்கியமானது ஹாமில்டன். எஃகு ஆலைகளால் வளர்ந்த அந்நகரம் கனடியக் காற்பந்தின் பழம்பெரும் கோட்டைகளுள் ஒன்று. மக்மாஸ்டர் பல்கலைக்கழக அணி, கிரெக் மார்ஷலின் பயிற்சியில் 2000 முதல் 2003 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் யேட்ஸ் கோப்பையை வென்றபோதும், நான்கு முறையும் தேசிய அரையிறுதியைத் தாண்டவில்லை. ஒன்டாரியோவை வெல்வதற்கும் நாட்டை வெல்வதற்கும் இடையே இருந்த தூரத்தை அந்த நான்கு தோல்விகளும் உணர்த்தின.

2006இல் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஸ்டெஃபான் தாஷெக், அந்தத் தூரத்தைக் கடக்கும் அணியைப் படிப்படியாகக் கட்டினார். 2008இல் வளாகத்திலேயே 6,000 இருக்கைகள் கொண்ட ரான் ஜாய்ஸ் மைதானம் திறக்கப்பட்டது. ஹாமில்டனில் பிறந்த டிம் ஹார்ட்டன்ஸ் உணவகத் தொடரை வளர்த்தெடுத்த தொழிலதிபரின் நன்கொடையால் எழுந்த அம்மைதானத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. உள்ளூர்ச் செல்வத்தையும் உள்ளூர்ப் பற்றையும் ஓர் அணியின் பின்னால் திரட்டும் வழியில், லவால் சென்ற திசையிலேயே மக்மாஸ்டரும் சென்றது. தாக்குதலை வழிநடத்தி, ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை எறிவதா ஓடுவதா என்பதை நொடிப்பொழுதில் தீர்மானிக்கும் ‘குவார்ட்டர்பேக்’ இடத்தில் கைல் குவின்லன் இருந்தார். வலிமையான எறிதலோடு, வழி அடைபட்டால் தானே பந்துடன் ஓடும் துணிவும் கொண்ட அவரது ஆட்டம், அகன்ற கனடியக் களத்துக்கு மிகவும் பொருந்தியது.

நவம்பர் மாதம்

யேட்ஸ் கோப்பைக்கான ஆட்டத்தில் மக்மாஸ்டர், ஒன்டாரியோவின் லண்டன் நகரில் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தை அதன் சொந்த மண்ணில் 41–19 என்று வென்றது. அப்போது வெஸ்டர்னின் பயிற்சியாளராக இருந்தவர், முன்பு மக்மாஸ்டரை நான்கு யேட்ஸ் கோப்பைகளுக்கு இட்டுச்சென்ற அதே கிரெக் மார்ஷல். அடுத்து மாங்க்டனில் நடந்த யுடெக் கிண்ண ஆட்டத்தில் அட்லாண்டிக் வெற்றியாளரான அகேடியாவை 45–21 என்று தோற்கடித்து, 1967க்குப் பின் முதன்முறையாக மக்மாஸ்டர் இறுதிக்குள் நுழைந்தது.

மேற்கில் கால்கரி பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தை 62–13 என்று நசுக்கி ஹார்டி கோப்பையை வென்றது. தோற்ற அணியின் குவார்ட்டர்பேக் பில்லி கிரீன், நாட்டின் தலைசிறந்த வீரருக்கான ஹெக் கிரைட்டன் விருதை அவ்வாண்டு பெற்றார். ஆயினும் தகுதியற்ற வீரர் ஒருவரை ஆடவைத்த காரணத்தால் அவரது அணியின் பருவ வெற்றிகள் பின்னர் பறிக்கப்பட்டன. கால்கரியின் ஓட்டமும் நீடிக்கவில்லை. மிட்செல் கிண்ண ஆட்டத்தில் லவால் 41–10 என்று அதை வென்றது. அதுவரை வெஸ்டர்ன், லவால் ஆகிய இரண்டும் தலா 6 வானியே கோப்பைகளுடன் சமநிலையில் இருந்தன. ஏழாவது கோப்பை லவாலைத் தனிச் சாதனையாளராக்கும் என்ற எதிர்பார்ப்புடன் கியூபெக் நகரம் மேற்குக் கரையை நோக்கியது.

பி.சி. பிளேஸ் அரங்கில்

இறுதிப் போட்டியை வான்கூவரில் நடத்தியதும் திட்டமிட்ட முயற்சியே. தொழில்முறை அணிகளின் இறுதியான கிரே கோப்பை ஆட்டம் நவம்பர் 27 அன்று அதே பி.சி. பிளேஸ் அரங்கில் நடைபெற இருந்தது. புதிய மடிப்புக் கூரையுடன் அந்த அரங்கம் செப்டம்பர் இறுதியில்தான் மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. இரு இறுதிகளையும் ஒரே நகரில், ஒரே வார இறுதியில் நடத்தும் ஏற்பாடு 2007இல் டொராண்டோவில் முயன்று பார்க்கப்பட்டதுதான். கிரே கோப்பைக்காகத் திரளும் மக்களின் கவனத்தை மாணவர்களின் ஆட்டத்தின் மீதும் திருப்புவதே நோக்கம். 47ஆவது வானியே கோப்பை ஆட்டத்தைக் காண 24,935 பேர் வந்தனர்.

முதற்பாதி முழுவதும் மக்மாஸ்டரின் கையில் இருந்தது. குவின்லனின் எறிதல்களுக்கு லவால் தற்காப்பு விடை காண முடியாமல் திணற, இடைவேளையில் கணக்கு 23–0 என்று நின்றது. பல ஆண்டுகளாக எதிரணிகளை அச்சுறுத்திய லவால் ஒரு புள்ளிகூட எடுக்காமல் ஓய்வறைக்குத் திரும்பியது நாட்டுக்கே வியப்பாக இருந்தது. ஆனால் பதினைந்து ஆண்டுகளாகப் பயின்ற ஒழுங்கு ஒரு பாதி ஆட்டத்தில் குலைந்துவிடவில்லை. இரண்டாம் பாதியில், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துக் களம் முழுக்க ஓடியும், குவின்லன் எறிந்த பந்தை இடைமறித்து இலக்குக்குக் கொண்டுசென்றும் லவால் வீரர்கள் டச்டவுன்களைக் குவித்தனர். 23 புள்ளி இடைவெளி மறைந்தது. முறையான நேரம் முடியும் தறுவாயில் இரு அணிகளும் 31–31 என்று சமநிலையில் நின்றன.

கடைசி நொடியில் மக்மாஸ்டரின் உதைப்பாளர் டைலர் கிராபிக்னா 30 கஜத் தொலைவிலிருந்து ஃபீல்டு கோலுக்கு முயன்றார். அந்த அளவிலான உதை தேர்ந்த உதைப்பாளருக்கு அரிதன்று. அது உள்ளே சென்றிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். பந்து குறி தவறியது. ஒற்றைப் புள்ளியாவது கிடைத்திருந்தால் 44 ஆண்டுக் காத்திருப்பு முடிவுக்கு வந்திருக்கும், அதுவும் கிட்டவில்லை. 1967இல் ஒரு புள்ளியில் இழந்த கோப்பை இம்முறையும் ஒரு புள்ளித் தொலைவில் நின்றது.

கூடுதல் நேர விதியின்படி, இரு அணிகளும் ஒவ்வொரு சுற்றிலும் எதிரணியின் 35 கஜக் கோட்டிலிருந்து மாறிமாறித் தாக்குகின்றன. சுற்று முடிவில் முன்னிலை வகிப்பவர் வெல்வார். முதற்சுற்றில் இருவரும் தலா 7 புள்ளிகள் சேர்க்க, கணக்கு 38–38 ஆயிற்று. இரண்டாம் சுற்றில் லவால் குவார்ட்டர்பேக் புரூனோ புருதோம் எறிந்த பந்தை மக்மாஸ்டரின் ஸ்டீவன் வென்ட்ரெஸ்கா இடைமறித்தார். லவாலின் வாய்ப்பு புள்ளியின்றி முடிந்ததால் மக்மாஸ்டருக்கு ஒரு ஃபீல்டு கோலே போதுமானதாயிற்று. சிறிது நேரத்துக்கு முன் தவறவிட்ட அதே கிராபிக்னா மீண்டும் அழைக்கப்பட்டார். 20 கஜத்திலிருந்து அவர் உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே சென்றது. மக்மாஸ்டர் 41–38 என்று தன் முதல் வானியே கோப்பையை வென்றது. எறிதலால் மட்டும் 482 கஜங்களை ஈட்டிய குவின்லன், இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்கான டெட் மாரிஸ் நினைவுக் கோப்பையைப் பெற்றார்.

பருவத்தின் பொருள்

இந்த வெற்றியை லவாலின் வீழ்ச்சியாகக் கொள்வது பிழையாகும். அடுத்த ஆண்டே டொராண்டோவில் இவ்விரு அணிகளும் மீண்டும் இறுதியில் சந்தித்தன. அதுவரை தொடர்ந்து 21 ஆட்டங்களை வென்றிருந்த மக்மாஸ்டரை லவால் 37–14 என்று வென்று, காத்திருந்த ஏழாவது கோப்பையைப் பெற்றது. அந்த ஆட்டத்துக்கு 37,098 பேர் வந்தனர். வானியே கோப்பை அதுவரை கண்டிராத கூட்டம் அது. முந்தைய ஆண்டு வான்கூவரில் நிகழ்ந்த ஆட்டத்தின் நினைவு அவர்களில் பலரை அரங்குக்கு அழைத்துவந்தது என்று கருத இடமுண்டு.

2011இன் உண்மையான விளைவு அதன்பின் வந்த ஆண்டுகளில் தெரிகிறது. 2003 முதல் 2010 வரையிலான எட்டு இறுதிகளில் ஐந்தை லவால் வென்றிருந்தது. 2011 முதல் 2017 வரையிலான ஏழு இறுதிகளிலோ மக்மாஸ்டர், லவால், மாண்ட்ரியல், பிரிட்டிஷ் கொலம்பியா, வெஸ்டர்ன் என ஐந்து வெவ்வேறு பல்கலைக்கழகங்கள் கோப்பையை ஏந்தின. லவாலின் நிதியைக் கட்டுப்படுத்தும் விதி எதுவும் இந்த மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. முன்னாள் மாணவர்களைத் திரட்டியும், பயிற்சியாளர்களை முழுநேரமாக அமர்த்தியும், வளாகத்திலேயே நல்ல மைதானம் எழுப்பியும், லவால் காட்டிய பாதையில் பிறர் தத்தம் ஊரின் இயல்புக்கேற்ப நடந்ததே அதைக் கொண்டுவந்தது. அந்தப் பாதையில் நடக்க வசதியற்ற சிறு பல்கலைக்கழகங்கள் மேலும் பின்தங்கின என்பதும் மறுக்கலாகாத உண்மை. இந்த இடைவெளியைக் குறைக்கும் கடமை இன்றும் அந்த அமைப்பின் முன் நிற்கிறது. ஆயினும் எல்லை கடந்து அமெரிக்காவுக்குச் செல்வதே முன்னேற்றம் என்று ஒரு பல்கலைக்கழகம் விலகிச்சென்ற மறு ஆண்டே, சொந்த விதிகளுக்குள் நின்று, சொந்த நகரங்களின் ஆதரவோடு எத்தகைய ஆட்டத்தை மாணவர்கள் ஆட முடியும் என்பதை லவாலும் மக்மாஸ்டரும் சேர்ந்து காட்டின. வென்ற அணியைப் போலவே தோற்ற அணிக்கும் இப்பெருமையில் சம பங்கு உண்டு.

கியூபெக்குக்குள் லவால் மூட்டிய போட்டி, 2014இல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் முதல் கோப்பைக்கு வழிவகுத்த வரலாறு அடுத்த பகுதியில் ஆராயப்படும்.

(தொடரும்)